ஆநிரைப் பூசலில் இறந்தவருக்கு ஒரு கல்... புலிமான்கோம்பை ஈமக்காட்டில் மாணவர்கள் கண்டது என்ன?

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி தாலுகாவில், வைகைக் கரையில் இருக்கும் சின்ன ஊர் புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் இங்கே கள ஆய்வுக்கு வந்தார்கள். அவர்களின் வழிகாட்டி தொல்லியல் பேராசிரியர் கா.ராஜன். சிதைந்து கிடந்த பெருங்கற்கால ஈமக்காட்டில் அவர்கள் கண்டது தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்கள்.

கல்லில் என்ன எழுதியிருக்கு?

"கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" - இவ்வளவுதான். கூடலூரில் மாடு கவரப் போனபோது நடந்த சண்டையில், பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் இறந்துபோனார். அவருக்கு எடுத்த கல் இது. அந்தக் கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கும் கூடலூராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. குமுளிக்கு பஸ் ஏறுகிறவர்கள் தாண்டிப் போகும் அதே ஊர்!

இதில் முக்கியமான சொல் 'ஆகோள்'. எதிரியின் பசுக்கூட்டத்தைக் கவர்ந்து வருவதற்குத் தொல்காப்பியம் சொல்லும் பெயர் இது. இறந்த வீரருக்குப் பெயர் பொறித்துக் கல் நடுவதைச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன. ஆனால், அதுவரை தமிழகத்தில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்கள் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. பாட்டில் மட்டும் இருந்த வழக்கத்துக்குக் கல்லிலேயே சாட்சி கிடைத்தது இங்கேதான்.

எவ்வளவு பழசு?

கி.மு. 4 முதல் கி.மு. 2-ம் நூற்றாண்டு வரை கணிப்புகள் உண்டு. எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்வதால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். எப்படிப் பார்த்தாலும் 2,000 வருஷத்துக்கு மேல். வாளோடு நிற்கும் வீரன் உருவம் இதில் கிடையாது, வெறும் எழுத்து மட்டும்தான். அரசன் பெயரும் இல்லை. மாடு மேய்த்து வாழ்ந்த ஊர்களில் ஒருவரின் பெயரை எழுதி வைக்க ஆள் இருந்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

இப்படிப்பட்ட கல்லைப் பார்த்தால்?

நிலத்தைச் சமன் செய்யும்போது ஈமக்காடுகள் சத்தமில்லாமல் காலியாகின்றன. கல் வேலிக்கோ, துணி துவைக்கவோ போய்விடும். எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பூச வேண்டாம், தேய்த்துக் கழுவ வேண்டாம், இடத்தை விட்டு நகர்த்தவும் வேண்டாம். போட்டோ எடுத்து வி.ஏ.ஓ. அல்லது தொல்லியல் துறையிடம் சொன்னால் போதும். எந்த ஈமக்காட்டில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் கல்லின் கதையில் பாதி போய்விடும்.