தோள்பையும் கணக்கேடும்: இத்தாலியில் பன்னிரண்டு இரவுகள்



வெளிதேசப் பயணம் செல்வந்தருக்கே உரியது என்று எண்ணி, நம்மில் பலர் அதன் வாசலைக்கூட நெருங்காமல் இருந்துவிடுகிறோம். நாங்களும் அப்படியே இருந்தோம். பிள்ளைகளின் படிப்பு முடிந்து, வீட்டுக் கடனின் கடைசித் தவணையும் தீர்ந்த பிறகு, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், நானும் என் மனைவியும் ஆளுக்கொரு தோள்பையுடன் மும்பையிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டோம். திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகியும், நாங்கள் இருவர் மட்டுமாய் மேற்கொண்ட முதல் நீண்ட பயணம் அதுவே. விடுமுறை என்றால் ஊர், ஊர் என்றால் திருநெல்வேலி என்பதே அதுவரை எங்கள் வழக்கம்.

விமானக் கட்டணமும் விசாச் செலவும் நீங்கலாக, நாளொன்றுக்கு இருவருக்கும் சேர்த்து 120 யூரோ என்று நான் வரையறுத்தேன். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 11,000 ரூபாய். தங்குமிடம், உணவு, ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். கணக்கேடு என் சட்டைப்பையில் இருந்தது. அது எங்கே கைகொடுத்தது, எங்கே கெடுத்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். நீங்கள் புறப்படும்போது உதவக்கூடும்.

முதலாவது விசா. இத்தாலிக்கு ஷெங்கன் விசா பெறவேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம்வரை தாமதிக்காதீர்கள். காலத்தைப் பொறுத்தவரை, ஆகஸ்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அத்தேசத்தாரே விடுமுறையில் கடற்கரைக்கு இறங்கும் மாதம் அது. அறை வாடகை ஏறிவிடும், வெயிலும் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நமக்கு ஏற்றவை.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுக் கிலோவுக்கு மேல் போகாதீர்கள். இழுத்துச் செல்லும் சக்கரப் பெட்டி வெனிஸ் பட்டணத்துப் பாலப் படிகளில் உங்களுக்கு எதிரியாகிவிடும். மும்பைப் புறநகர் ரயிலில் பையை மார்போடு அணைத்து நிற்கப் பழகியவருக்கு, அங்குள்ள நெரிசலான பேருந்துகளில் பிக்பாக்கெட் பயம் புதிதன்று. தோளும் முழங்காலும் மூடியிராதவர்களைப் பெரிய தேவாலயங்கள் சிலவற்றில் உள்ளே விடமாட்டார்கள். சுடிதார் அணிந்துவந்த என் மனைவியை எங்கும் எவரும் தடுக்கவில்லை.

நாங்கள் முதலில் சென்றது வெனிஸ். அங்கே தங்காமல், எதிர்க்கரையில் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் தங்கினோம். அறை வாடகை குறைவு. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வெனிஸ் சேரலாம். வேறொரு நன்மையும் உண்டு. கூட்டம் மிகுந்த சில நாட்களில், பகலில் வந்து திரும்புவோரிடம் வெனிஸ் நகரசபை 2024 முதல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கிற்று. 2025-இல் கடைசி நேரத்தில் செலுத்துவோருக்கு அது 10 யூரோ ஆயிற்று. மெஸ்த்ரேயும் அதே நகரசபையைச் சேர்ந்ததாகையால், அங்கே இரவு தங்குவோர் அதைச் செலுத்தவேண்டியதில்லை. விலக்கை முன்னதாக இணையத்தில் பதிந்துகொண்டால் போதும்.

வெனிஸில் வண்டிகள் இல்லை. வாய்க்கால்களும் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களுமே உண்டு. பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டுக்கு ஒருவருக்கு 9.50 யூரோ. இருவருக்கு 19 யூரோ! நான் கணக்கேட்டைப் பார்த்தேன். "நடந்தே போகலாம், நடந்தால்தான் ஊர் தெரியும்" என்றேன். அது உண்மையே. ஆனால் என் மனைவியின் இடது முழங்கால் பாலத்துக்குப் பாலம் நொந்தது என்பதும் உண்மை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஒரு வழி கண்டுபிடித்தோம். கோண்டோலா என்னும் ஒப்பனைப் படகில் அரைமணி நேரம் சுற்றிவர 90 யூரோ. ஆனால் பெரிய வாய்க்காலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்க அதே வகைப் படகு ஒன்று உண்டு. அதற்கு ஆளுக்கு 2 யூரோதான். இரண்டு நிமிடப் பயணம். அந்த நான்கு யூரோவை வெற்றி பெற்றவனைப்போல் கணக்கேட்டில் குறித்துக்கொண்டேன்.

உணவு விஷயத்தில் சிக்கனம் எளிது. இத்தாலியர் காப்பியை நின்றுகொண்டே குடிக்கிறார்கள். நின்று குடித்தால் ஒரு யூரோவுக்குச் சற்று மேல், அதே காப்பியை மேசையில் அமர்ந்து குடித்தால் விலை கூடும், புகழ்பெற்ற சதுக்கங்களில் பல மடங்காகும். உணவகத்தில் அமர்ந்தவுடன் ரொட்டிக்கும் மேசைவிரிப்புக்குமாக ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ப்பார்கள். ஏமாற்று என்று சண்டையிடாதீர்கள், அது அவ்வூர் வழக்கம், விலைப்பட்டியலிலேயே அச்சிட்டிருக்கும். பகலில் எடை போட்டு வெட்டிக் கொடுக்கும் பீட்சாவை வாங்கி, ஏதாவது படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரவில், சமையலறை உள்ள விடுதிகளில் நாங்களே சமைத்தோம். அங்கே ரிசோட்டோவுக்கென்று விற்கும் ஆர்போரியோ அரிசி, சற்று அதிகமாகத் தண்ணீர் விட்டால் நன்கு குழையும். ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயோடு அந்தக் கஞ்சியைக் குடித்த இரவுகளை நாங்கள் இன்றும் பேசுகிறோம்.

புளோரன்ஸ் பட்டணத்தைப் பற்றி எழுத இடமில்லை. புருனெல்லெஸ்கி கட்டி 1436-இல் நிறைவுற்ற அந்தக் கோபுரக் குமிழை, ஆற்றுக்கு அப்பாலுள்ள குன்றின்மேல் நின்று மாலை வெயிலில் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

புளோரன்ஸிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில்தான் என் கணக்கேடு முதல் அடியை வாங்கிற்று. வட்டார ரயில்களில் கட்டணம் மாறாது, முன்பதிவும் வேண்டாம். விரைவு ரயில்களோ முன்னதாக வாங்கினால் மலிவு, கடைசி நாளில் மிகுதி. இவையெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் வட்டார ரயிலின் காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரையிடவேண்டும் என்பதை மறந்தேன். பரிசோதகர் வந்தார், அபராதம் எழுதினார், இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம் போயிற்று. அவர்மீது குற்றமில்லை. வெனிஸில் முழங்கால் நோவோடு நடந்தவள் என் பக்கத்தில் அமர்ந்து, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

சிங்க்வே தெர்ரே என்றால் 'ஐந்து நிலங்கள்' என்று பொருள். மொந்தெரோஸ்ஸோ, வெர்னாஸ்ஸா, கொர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே என ஐந்து சிற்றூர்கள் செங்குத்தான மலைச்சரிவில் கடலை நோக்கித் தொங்குகின்றன. சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்களால் மலையைப் படிப்படியாக்கி, பல நூறு ஆண்டுகளாகத் திராட்சையும் ஒலிவமும் பயிரிட்ட இடம். 1997-இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. இங்கே அறைகள் விலை மிகுந்தவை. ஆகையால் அருகிலுள்ள லா ஸ்பெட்சியா என்னும் துறைமுகப் பட்டணத்தில் மூன்று இரவுகள் தங்கினோம். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ரயிலில் சில நிமிடங்களே. ஒவ்வொரு முறையும் தனிச் சீட்டு வாங்கினால் கட்டுப்படியாகாது. நாள் முழுவதும் ஏறி இறங்க ஒரு அட்டை உண்டு, அதை வாங்குங்கள். வாங்கிய பின் அதில் எழுதியிருப்பதை முழுவதும் வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை.

ஐந்தில் கொர்னிலியா ஒன்றே கடலோரத்தில் இல்லாமல் பாறையின் உச்சியில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 380 படிகள், செங்கல் பாவிய வளைவு வளைவான படிக்கட்டு. நான் முன்னே ஏறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது என் மனைவி ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளோடு நானும் உட்கார்ந்தேன். கீழே கடல் நீலமாய்ப் பரந்திருந்தது. மெதுவாக ஏறி மேலே வந்து சேர்ந்தோம். அங்கே ரயில் நிலையத்திலிருந்து வந்த ஒரு சிறு பேருந்து நின்று, முதியவர்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் கட்டணம் எவ்வளவு என்று சைகையால் கேட்டேன். அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சுட்டிக்காட்டினார். அந்த அட்டைக்கான பணத்திலேயே பேருந்தும் அடக்கம்!

அன்று மாலை மொந்தெரோஸ்ஸோவின் மணற்கரையில் அமர்ந்தோம். குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் பகுதிகளுக்கு நடுவே 'ஸ்பியாஜா லிபரா', அதாவது கட்டணமில்லாக் கரை, பல கடலோர ஊர்களில் சிறிதாவது இருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள். கால்களைத் தண்ணீரில் நனைத்தபடி என் மனைவி கேட்டாள்: "நேப்பிள்ஸ் பக்கத்தில் புத்தேயோலி இருக்கிறதல்லவா, அங்கே போக எவ்வளவு ஆகும்?"

வாசகரே, அவள் பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை. அப்போஸ்தலனாகிய பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பாதையைச் சுவர் வரைபடத்தில் அடிக்கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டியவள்: மெலித்தா தீவு, சீரகூசா, ரேகியு, அப்புறம் புத்தேயோலி. இந்தப் பயணத்துக்கு ஆயத்தமான நாட்களிலெல்லாம் அந்தப் பெயரை அவள் ஒருமுறையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் பட்டியல் போட்டு முடித்துவிட்டீர்கள்" என்றாள்.

நேப்பிள்ஸில் எஞ்சிய ஒரு நாளை நான் அமால்பி கடற்கரைக்கு ஒதுக்கியிருந்தேன். நீங்கள் அங்கே போகிறவர்களானால், விலையேறிய பொசித்தானோவில் தங்காமல் சலெர்னோவில் தங்கி, பேருந்திலோ, பருவகாலத்தில் படகிலோ போய்வாருங்கள். நாங்கள் போகவில்லை. ரோமில் இரண்டு நாட்கள் தெருக் குழாய்களில் புட்டியை நிரப்பியபடி நடந்தோம். 1874 முதல் அவ்வூரார் வைத்துவரும் அந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன, நீர் குளிர்ந்தும் சுத்தமாயும் இருக்கும். 2023 ஜூலை முதல் பாந்தியோனுக்கு 5 யூரோ கட்டணம் உண்டு. அரசு அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவசம். நமக்கு ஞாயிறு வேறு அலுவல் உண்டு என்பது வேறு விஷயம். பிறகு நேப்பிள்ஸ், அங்கிருந்து நகர ரயிலில் சில யூரோவில் புத்தேயோலி. இன்று அதன் பெயர் பொட்ஸுவோலி.

அக்காலத்தில் எகிப்திலிருந்து தானியம் ஏற்றிவந்த அலெக்சந்திரியாக் கப்பல்கள் நங்கூரமிட்ட துறை இது. அப்படிப்பட்ட கப்பல் ஒன்றில்தான் கி.பி. 60-ஐ ஒட்டிப் பவுல் வந்து இறங்கினார். அங்கிருந்த சகோதரர் வேண்டிக்கொள்ள, ஏழு நாள் அவர்களோடு தங்கினார். இன்று அங்கே பெரிய ஆலயமோ அலங்காரமோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். துணி காயும் மாடிகள், மீன் விற்கும் குரல்கள், பள்ளத்தில் பழைய ரோமச் சந்தையின் இடிபாடு. அதில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. ஆள் உயரத்துக்கு வெகு மேலே, தூணைச் சுற்றிக் கடற்சிப்பிகள் துளைத்த துளைகள். ஒரு காலத்தில் இந்த நிலம் கடலுக்குள் அமிழ்ந்து, பின்பு மறுபடியும் எழும்பிற்று என்பதற்கு அதுவே சாட்சி. சார்ல்ஸ் லயல் 1830-இல் வெளியிட்ட தமது புவியியல் நூலின் முகப்பில் இத்தூண்களையே படமாக வைத்தார்.

அந்த ஊர் ஓர் எரிமலைப் பள்ளத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. 1982 முதல் 1984 வரை நிலம் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்து, பல்லாயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2005 முதல் மறுபடியும் உயர்ந்து, இதுவரை ஒரு மீட்டருக்கும் மேல் ஏறியிருக்கிறது. 2024 மே மாதத்திலும் 2025 மார்ச் மாதத்திலும் வலிய அதிர்வுகள் ஏற்பட்டன. நாங்கள் போன அன்று ஒன்றும் அசையவில்லை. சிறு துறைமுகத்தில் தண்ணீர் மிகக் குறைந்து சில படகுகள் சேற்றில் சாய்ந்திருந்தன. கடல் பின்வாங்கவில்லை, தரைதான் எழும்பியிருக்கிறது என்று என் மனைவி எனக்கு விளக்கினாள். பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரல்.

துறைமுகச் சுவரில் அவள் வெகுநேரம் அமர்ந்திருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு அருகிலிருந்த உணவகத்தில், நிற்காமல், மேசையில் அமர்ந்து, வறுத்த நெத்திலியும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டோம். பணம் கட்டியபின் கணக்கேட்டை அவளிடம் கொடுத்தேன். அன்றைய செலவை அவளே கூட்டினாள். 134 யூரோ. அதன்கீழ் ஒரு கோடிட்டு, நாளைக்கு ரோமுக்குத் திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.