தேடியது ஒன்று, கிடைத்தது வேறு! ஆன்லைன் கடைகளில் சரியாகத் தேடுவது எப்படி?

ஆன்லைன் கடைகளில் பொருள் வாங்கத் தொடங்கியுள்ள புதியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தெளிவாகத்தானே டைப் செய்தேன்? பிறகு ஏன் வேறு பொருளைக் காட்டுகிறது?"

நியாயமான கேள்விதான். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பைலின் பெயரைக் கொடுத்துத் தேடினால், அந்தப் பெயர் உள்ள பைல்கள் பட்டியலிடப்படும். இல்லை என்றால் இல்லை என்று விண்டோஸ் சொல்லிவிடும். ஆன்லைன் கடையின் தேடல் கட்டமும் இப்படித்தான் இயங்கும் என எண்ணுகிறோம். அங்கே "இல்லை" என்ற பதில் கிடைப்பது அரிது. நம் ஊர்க் கடைக்காரர், "அது இல்லை சார், இதைப் பாருங்க" என்பார். ஆன்லைன் கடை அந்த வாக்கியத்தின் முதல் பாதியை விட்டுவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் படம் போட்டுக் காட்டுகிறது.

என் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை வாங்கினார். அதில் 4 ஜிபி ராம் மெமரி இருந்தது. இன்னொரு 4 ஜிபி சேர்க்கலாம் என்று, ஆன்லைன் கடை ஒன்றில் "லேப்டாப் ராம் 4 ஜிபி டிடிஆர்3" எனத் தேடி, முதலில் வந்ததை ஆர்டர் செய்துவிட்டார். வந்தது டிடிஆர்4. ஸ்லாட்டில் நுழையவில்லை. அழுத்திப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்க வந்தார். நல்ல வேளையாக, அழுத்துவதற்கு முன் வந்தார்! டிடிஆர்3 வகை லேப்டாப் ராமில் 204 பின்கள். டிடிஆர்4 வகையில் 260. நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். பலம் காட்டினால் மதர்போர்டுக்குத்தான் கேடு. பொருளைத் திருப்பி அனுப்பிப் பணம் பெற்றுவிட்டார் என்றாலும், புராஜெக்ட் முடிக்க வேண்டிய வாரம் முழுவதும் திணறும் லேப்டாப்புடன் போராடினார்.

அவர் கொடுத்த அதே சொற்களை நானும் கொடுத்துத் தேடினேன். முதல் வரிசையில் விளம்பரங்கள். அடுத்து டெஸ்க்டாப் ராம், டிடிஆர்4 ராம், இடையிடையே கேட்ட பொருள். தேடல் கட்டத்தில் நான் தந்த "டிடிஆர்3" என்ற சொல் கண்டிப்பான நிபந்தனையாக எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

<b>ஏன் இப்படி?</b>

ஆரம்ப காலத்தில் தேடல் இதற்கு நேர்மாறாக இருந்தது. 1995-ல் தொடங்கப்பட்ட ஈபே தளத்தில், தலைப்பில் நீங்கள் தந்த சொல் எழுத்து மாறாமல் இருந்தால்தான் பொருள் கிடைக்கும். இதனால் வேறு வகைச் சிக்கல் வந்தது. 1852-ல் ஆர்க்டிக் பயணம் ஒன்றிற்காகக் காய்ச்சப்பட்ட ஆல்சாப் நிறுவனத்தின் பழைய பீர் பாட்டில் ஒன்று 2007-ல் ஈபேயில் ஏலத்திற்கு வந்தது. விற்றவர் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு "பி" போட வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் போட்டிருந்தார். சரியான பெயரைத் தேடிய சேகரிப்பாளர்கள் கண்ணில் அது படவில்லை. பாட்டில் 304 டாலருக்குப் போனது. வாங்கியவர் எழுத்தைத் திருத்தி மறுபடி ஏலம் விட்டார். ஏலத்தொகை 5,03,300 டாலர் வரை ஏறியது. (அந்தத் தொகையைக் கேட்டவர் கடைசியில் பணம் தரவில்லை என்பது தனிக் கதை.)

இப்படி எழுத்துப் பிழையால் பொருள் தொலைந்து போகக் கூடாது என்று தேடலைத் தளர்த்தினார்கள். பிழையைத் தானே திருத்தும். ஒத்த சொற்களைச் சேர்த்துக்கொள்ளும். பொருந்தாத சொல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இதுவரை நல்லதுதான். ஆனால் எதை முதலில் காட்டுவது என்பதில் விற்பனைக் கணக்கும் நுழைந்தது. எது அதிகம் விற்கிறது, நீங்கள் எதை வாங்கக்கூடும், எந்த விற்பனையாளர் விளம்பரத்திற்குப் பணம் கட்டியுள்ளார் என்பனவும் வரிசையைத் தீர்மானிக்கின்றன. தேடலில் சிக்க வேண்டும் என்பதற்காகவே விற்பனையாளர்கள் தலைப்பில் பத்து கம்பெனிகளின் பெயரை அடுக்குகின்றனர். நம் கண்ணுக்குத் தெரியாத தேடல் சொற்களைத் தனியே பதிந்து வைக்கவும் பல தளங்கள் வசதி தருகின்றன.

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. பொருத்தமான தேடல் முடிவுகளின் இடத்தைப் பணம் கட்டிய விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன என்பது அதில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. அமேசான் இதை மறுத்துள்ளது. நம் நாட்டில் 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருட்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதை இத்தளங்கள் எளிய மொழியில் விளக்கியாக வேண்டும். நேரம் கிடைத்தால் நீங்கள் வாங்கும் தளத்தில் அந்த விளக்கத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள். "எளிய மொழி" என்பதற்கு அவர்கள் கொண்டுள்ள பொருள் என்ன என்பதும் தெரியவரும்!

<b>தேடும் முன் வீட்டுப்பாடம்</b>

பொதுவான சொற்களை வைத்துத் தேடாதீர்கள். உங்கள் மெஷினில் என்ன உள்ளது என்று முதலில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ், பின்னர் மெமரி எனச் செல்லவும். எத்தனை ஸ்லாட் உள்ளது, எத்தனை பயன்பாட்டில் உள்ளது என்று காட்டப்படும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் அந்த ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கழற்ற முடியாது. காலி ஸ்லாட்டும் இல்லை என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். பணம் மிச்சம்.

அடுத்து சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இறக்கி, எஸ்பிடி என்ற டேபைத் திறக்கவும். ராமின் வகை, அளவு, வேகம், தயாரிப்பாளர், பார்ட் நம்பர் எல்லாம் கிடைக்கும். வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு துடிப்பில் இருமுறை டேட்டா செல்வதால் அதுவே கடைகளில் 1600 என விற்கப்படுகிறது.

இங்குதான் தேடல் சொல்லின் பெரிய வில்லங்கம் உள்ளது. ஒரே ராமுக்கு இரண்டு பெயர்கள். டிடிஆர்3-1600 என்பதும் பிசி3-12800 என்பதும் ஒன்றே. நொடிக்கு 1600 மில்லியன் முறை, முறைக்கு 8 பைட். பெருக்கினால் 12800 மெகாபைட். ஒரு விற்பனையாளர் முதல் பெயரை எழுதியிருப்பார், மற்றொருவர் இரண்டாவதை. எனவே இரண்டையும் தனித்தனியே கொடுத்துத் தேடுங்கள். பெயரில் 3-க்குப் பின் "எல்" இருந்தால் அது 1.35 வோல்ட்டில் இயங்குவது, இல்லையேல் 1.5 வோல்ட். 1.35 வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராம் இயங்காது. ஒற்றை எழுத்துதான். ஆனால் தளர்வாகத் தேடும் தளம் முதலில் கைவிடுவது இந்த மாதிரி எழுத்தைத்தான்.

எனவேதான் பார்ட் நம்பரே சிறந்த தேடல் சொல் என்பேன். சாம்சங்கின் 4 ஜிபி லேப்டாப் ராம் ஒன்றின் எண் எம்471பி5173கியூஎச்0-ஒய்கே0. (தேடும்போது ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.) எம்471 என்றால் லேப்டாப்புக்கானது, டெஸ்க்டாப் ராம் எம்378 எனத் தொடங்கும். அடுத்து வரும் "பி" டிடிஆர்3-ஐக் குறிக்கும்; டிடிஆர்4 என்றால் அங்கே "ஏ" இருக்கும். கோட்டுக்குப் பின் உள்ள "ஒய்" 1.35 வோல்ட். "சி" என்றால் 1.5 வோல்ட். விற்பனையாளர் தலைப்பில் என்ன எழுதினாலும், ராமின் மீது ஒட்டியுள்ள லேபிள் படத்தில் இந்த எண்ணைப் படித்துச் சரிபார்க்கலாம்.

<b>தளத்தைச் சுற்றி வளைத்துத் தேடுங்கள்</b>

கடையின் தேடல் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்றால் கூகுளிடம் கொடுங்கள். சைட் என்ற ஆங்கிலச் சொல், ஒட்டினாற்போல் கோலன், இடைவெளி விடாமல் கடையின் இணைய முகவரி, பிறகு ஒரு இடைவெளி, அதன்பின் இரட்டை மேற்கோள் குறிக்குள் பார்ட் நம்பர். அந்தத் தளத்தின் பக்கங்களில் மட்டும் கூகுள் தேடித் தரும். விலையும் இருப்பும் பழையதாக இருக்கலாம் என்பதால் பக்கத்தைத் திறந்து பார்க்கவும்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. அமெரிக்கத் தளத்தில் தேடுபவர்களுக்கு இரண்டு உதவிகள் உண்டு. வேண்டாத சொல்லின் முன் இடைவெளியின்றி மைனஸ் குறி இட்டால் அந்தச் சொல் உள்ளவை விலக்கப்படும். அடைப்புக்குறிக்குள் கமா இட்டு இரு சொற்களைத் தந்தால், இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காட்டும். மேலே சொன்ன இரட்டைப் பெயர்ச் சிக்கலுக்கு இது அருமையான மருந்து.

விலை குறைந்ததிலிருந்து காட்டு என்று வரிசையை மாற்றியதும் லேப்டாப்புக்குப் பதில் ஸ்டிக்கரும் ஸ்குருவும் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தளர்வாகப் பொருந்தியவை எல்லாம் அதுவரை கடைசிப் பக்கங்களில் கிடந்தன; விலையால் அடுக்கியதும் மேலே வந்துவிட்டன. வகைப் பிரிவையும் குறைந்தபட்ச விலையையும் முதலில் குறித்துவிட்டு, பிறகு வரிசையை மாற்றவும். இடப்பக்கம் உள்ள பில்டர்களையும் முழுமையாக நம்ப முடியாது. விற்பனையாளர் அந்த விவரத்தை நிரப்பாமல் விட்டிருந்தால், சரியான பொருளும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஒருமுறை பில்டருடன், ஒருமுறை அது இல்லாமல் என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

லேப்டாப் சார்ஜர் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "டெல் 65 வாட்" என்று தேடினால் 7.4 மிமீ பின் கொண்டதும் வரும், 4.5 மிமீ பின் கொண்டதும் வரும். இரண்டுமே 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். ஒன்றின் பின் மற்றதில் சேராது. வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். டெல் லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் காணவும் செய்கின்றன. தெரியாத சார்ஜர் என்றால் லேப்டாப் இயங்கும், பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகாமல் இருக்கலாம். தலைப்பில் கம்பெனி பெயருக்கு முன்னோ பின்னோ "காம்பேட்டிபிள்" என்ற சொல் உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால் அது அந்தக் கம்பெனி தயாரித்தது அல்ல.

ஆர்டர் செய்யும் முன் பொருளின் தலைப்பு, விவரப் பட்டியல் இரண்டும் தெரியும்படி ஸ்கிரீன் ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்தை விற்பனையாளர் பிறகு மாற்றிவிடலாம். பார்சலைப் பிரித்ததும் லேபிளில் உள்ள எண்ணைப் படத்துடன் ஒப்பிட்டுவிட்டு, அதன்பின் உள் கவரைத் திறக்கவும். வேறு பொருள் வந்து, திருப்பி எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அப்போது அந்த ஸ்கிரீன் ஷாட் கைகொடுக்கும்.