ஒரே இரத்தம், இரண்டு குழந்தைகள்

நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவரின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு புரதம் வழக்கத்தைப்போல் இருமடங்கு இருக்கிறது. குழந்தைக்கு ஏதேனும் குறையோ? பதறாதீர்கள்!

அப்புரதத்தின் பெயர் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் அதை உண்டாக்குகிறது. சிறிதளவு தாயின் இரத்தத்திலும் கலக்கிறது. குழந்தையின் முதுகுத்தண்டில் மூடவேண்டிய இடம் மூடாமல் நின்றுவிட்டால், அவ்வழியே புரதம் கசிந்து அளவு கூடும். 1970களில் பிரிட்டனில் ஆராய்ந்து கண்ட உண்மை இது.

ஆனால் வயிற்றில் இருவர் இருந்தால்? கல்லீரல்களும் இரண்டு! புரதமும் ஏறக்குறைய இருமடங்காகத்தானே இருக்கும்? ஆகவே இரட்டையருக்குத் தனி அளவுகோல் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த அளவையும் தாண்டிப் புரதம் கூடியிருந்தால், குறை எந்தக் குழந்தைக்கு? இரத்தம் சொல்லாது; இருவரின் புரதமும் அதில் ஒன்றாய்க் கலந்துவிட்டதே! அல்ட்ராசவுண்ட் கருவியால் ஒவ்வொரு குழந்தையின் முதுகையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். பல வேளைகளில் இருவருமே நலமாக இருப்பார்கள்.

இரத்தச் சோதனை சந்தேகத்தை எழுப்பும், முடிவைச் சொல்லாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு தாய் இப்படிக் கலங்கி நின்றால், இதை எடுத்துச் சொல்வீர்கள் அல்லவா?