இரும்பு பழகுவோம் – 7: ஒரு நத்தையும் ஒரு பாம்பின் கண்ணும்

போன வாரம் சுவர்க் கொக்கி அடித்து முடித்தோம். கொக்கி கைக்கு வந்ததும் மனம் கத்திக்குத் தாவும், அரிவாளுக்குத் தாவும். இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுங்கள். இந்த வாரம் ஒரு காரியத்துக்கும் உதவாத ஒன்றைச் செய்யப் போகிறோம். மேசை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்பு நத்தை.

ஏன் நத்தை? கத்தி என்றால் சரியான எஃகு வேண்டும், துவைச்சல் (காய்ச்சிய எஃகைச் சட்டென ஆற்றிக் கடினமாக்குவது) சரியாக விழ வேண்டும், விளிம்பு நேராக இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு விரிசல் கண்டால் அத்தனை உழைப்பும் பழைய இரும்புக் கூடைக்குப் போய்விடும். அந்தப் பயத்தோடு அடிக்கிற கை தயங்கித் தயங்கி அடிக்கும். தயங்கினால் இரும்பு ஆறிவிடும். ஆறிய இரும்பை அடித்தால் வடிவமும் வராது, தோளும் வலிக்கும். பொம்மை செய்யும்போது இந்தப் பயம் இல்லை. கொம்பில் ஒன்று முறிந்தால் அது ஒற்றைக் கொம்பு நத்தை, அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவருக்குச் சுத்தியல் கையில் படிவது இந்த மாதிரி வேலையில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

10 மி.மீ. சதுரக் கம்பி ஒரு சாண் நீளம் போதும். சாதாரண மைல்ட் ஸ்டீல், ஜன்னல் கம்பி வெட்டி மிஞ்சிய துண்டு. ஒரு முனையை உலையில் வைத்து நல்ல ஆரஞ்சு நிறம் வரும்வரை காத்திருங்கள்; ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ். பட்டறைக்கல்லில் வைத்து அடித்து, அந்த முனையை எலிவாலாக நீட்ட வேண்டும். இரண்டு அடி, கால் திருப்பு, மறுபடி இரண்டு அடி. திருப்புவது சரியாகக் கால் வட்டமாக இல்லாவிட்டால் சதுரம் கோணிக்கொண்டு சாய்சதுரமாகிவிடும். அதை உடனே பார்த்துத் திருத்துங்கள். நீட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு. செந்நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் உலைக்குப் போங்கள்.

அடுத்து மறுமுனை. அதைப் பழுக்கக் காய்ச்சி, வெட்டிரும்பை நீளவாக்கில் வைத்து ஒரு விரல்கணு அளவுக்குப் பிளக்க வேண்டும். பிளக்கும்போது கம்பிக்கு அடியில் ஒரு தகரத் துண்டைப் போட்டுக்கொண்டால் வெட்டிரும்பின் வாயும் கெடாது, பட்டறைக்கல்லின் முகமும் கெடாது. பிளந்த இரண்டையும் விரித்து மெலிதாகத் தட்டினால் கொம்பு. இனி இந்தப் பக்கம் நெருப்பைக் காட்டக் கூடாது. இவ்வளவு மெல்லிய இரும்பை அதிகம் காயவிட்டால் மத்தாப்பாகப் பொறிவிட்டு எரிந்தே போய்விடும்.

கடைசியில் ஓடு. வாலை மட்டும் காய்ச்சி, அதன் நுனியைப் பட்டறைக்கல்லின் விளிம்புக்கு வெளியே நீட்டி லேசாகத் தட்டி வளைக்க வேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பி, வளைந்த நுனியை உங்கள் பக்கமாகத் தட்டித் தட்டி உள்ளே சுருட்ட வேண்டும். இங்கே பலம் வேண்டாம், சின்னச் சுத்தியல் போதும். சுருள் வளர வளர ஓடு உருவாகும். உடலின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினால் நத்தை உட்கார்ந்துவிடும். சூட்டில் இரும்பின் மேல் படிந்த செதிலைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, சூடு தணிந்து வரும்போது தேன்மெழுகு தடவினால் ஒரு கருமை ஏறும். துருவும் சீக்கிரம் பிடிக்காது.

நீட்டல், பிளத்தல், வளைத்தல், சுருட்டல் என எல்லாம் இந்த ஒரு சாண் கம்பிக்குள் வந்துவிட்டன. பழைய வீடுகளின் மாடிப்படிக் கைப்பிடியிலும் வெளிக்கதவிலும் பார்க்கிற இரும்புச் சுருளும் இதே சுருள்தான். நத்தை செய்த கைக்கு அது அந்நியமாகத் தெரியாது.

உலை இல்லாதவர்களும் இந்த வாரமே தொடங்கலாம். குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைச் சதுரக் கம்பியாக உருட்டிக்கொண்டு, மரச்சுத்தியால் இதே வரிசையில் அடித்துப் பாருங்கள். சுத்தியலுக்கு அடியில் பழுத்த இரும்பு எப்படி நகருமோ அப்படியேதான் களிமண்ணும் நகரும். அனுபவப்பட்ட கொல்லர்களே புது வடிவம் ஒன்றைக் களிமண்ணில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உலையைப் பற்றவைக்கிறார்கள். பிலடெல்பியாவில் 200 பேருக்கு மேல் வைத்துப் பட்டறை நடத்திய சாமுவேல் யெல்லின், காகிதத்தில் வரைவதோடு நிற்காமல் சின்னச் சின்ன மாதிரிகளை இரும்பிலேயே அடித்துப் பார்ப்பார். அவற்றை ‘இரும்பில் போட்ட கோட்டுப்படம்’ என்றே அழைத்தார்.

இந்தப் பொழுதுபோக்கு இன்று அமெரிக்காவில் செழித்திருப்பதற்கு ஒரு பின்கதை உண்டு. காரும் டிராக்டரும் வந்தபோது அங்கே லாடம் அடிக்கவும் வண்டிப் பட்டை போடவும் ஆள் தேவைப்படாமல் போனது. பிழைப்பாக இருந்த தொழில் தேய்ந்தபின் அதை ஆசைக்காகக் கற்றவர்கள் கைகொடுத்தார்கள். 1973இல் ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில் வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கம் தொடங்கியது.

அந்த மாற்றத்தைத் தன் பட்டறைக்குள்ளேயே கடந்தவர் பிலிப் சிம்மன்ஸ். 1912இல் தென் கரோலினாவின் டேனியல் தீவில் பிறந்த கறுப்பினத்தவர். 13 வயதில் சார்ல்ஸ்டன் நகரில் பீட்டர் சிம்மன்ஸ் என்ற முதிய கொல்லரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். குதிரை வண்டி வேலை குறைந்ததும் 1938 வாக்கில் அலங்காரக் கதவுகளுக்குத் திரும்பினார். 1960களின் தொடக்கத்தில் காட்ஸ்டன் மாளிகைக்கு ஒரு கதவு. அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் ராட்டில் பாம்பு பொறித்த மஞ்சள் கொடியைத் தந்தவர் கிறிஸ்டோபர் காட்ஸ்டன் என்பதால், கதவிலும் பாம்பு. உடல் வந்துவிட்டது, கண்தான் வரவில்லை. செத்த பாம்பாகவே தெரிந்தது. அதை மறுபடி மறுபடி காய்ச்சி, பாம்பு தன்னைத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் அவர் விடவில்லை. 1982இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசிய மரபுக் கலைஞர் விருது கொடுத்தது. அந்தப் பாம்புக் கதவு தன் வேலையைக் கண் இல்லாமலும் செய்திருக்கும். அந்தக் கண் முழுக்க முழுக்க அவருடைய ஆசைக்காக.

இரண்டு எச்சரிக்கைகள். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. போல்ட் எதையும் உலையில் போடாதீர்கள். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகும். அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அமெரிக்கர்கள் தண்டவாள ஆணியில் டிராகன் தலை செய்கிற படங்களைப் பார்த்துவிட்டு ரயில் பாதைப் பக்கம் போகாதீர்கள். நம் நாட்டின் 1966ஆம் வருடச் சட்டப்படி ரயில்வே பொருளை முறையின்றி வைத்திருப்பதே குற்றம். பழைய இரும்புக் கடையில் போல்ட், கம்பி, லாரிப் பட்டை என எவ்வளவோ கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கொல்லுப்பட்டறை இன்னும் பிழைப்புதான். அரிவாளும் களைக்கொத்தும் அடித்து வீடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் உலையடியில் நத்தை பழகப் போனால், அந்த நேரத்துக்கு அவருக்கு வேலை நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. அரைநாள் உலைக்கும் கற்றுத்தருவதற்கும் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்கிற தொகையைப் பேரம் பேசாமல் முன்கூட்டியே கொடுங்கள்.

(அடுத்த வாரம்: சாவிக்கொத்துக்கு ஓர் அரச இலை)