கத்தரிக்காயை எங்கு விற்பது?

கத்தரிக்கு உரமிடுவதிலும் மருந்து தெளிப்பதிலும் காட்டும் அக்கறையை, காயை எங்கு விற்பது என்பதில் பல விவசாயிகள் காட்டுவதில்லை. வழக்கமான கமிஷன் மண்டிக்கே மூட்டை போகிறது. உழவர் சந்தையில் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் அதிகம் என்று கேள்விப்பட்டுச் சிலர் அங்கு மாறுகின்றனர். இரண்டிலுமே கணக்குப் பார்ப்பவர் குறைவு.

முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் கமிஷனோ கடை வாடகையோ இன்றி இங்கு விற்கலாம். அன்றன்றைய விலை, மொத்த விலைக்குக் கூடுதலாகவும் வெளிச்சந்தைச் சில்லறை விலைக்குக் குறைவாகவும் குறிக்கப்படும். ஆனால் காய் தீரும் வரை ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு பறிப்பில் 100 கிலோ காய் கிடைப்பதாகக் கொள்வோம். மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போனால் ரூ.2,000. கமிஷன் பத்து சதவீதம் என்றால் ரூ.200, வண்டி வாடகையும் இறக்குகூலியும் ரூ.100 போகக் கையில் நிற்பது ரூ.1,700. உழவர் சந்தையில் கிலோ ரூ.26. அந்த விலைக்கு 85 கிலோ விற்று, வாடிப்போன மீதி 15 கிலோவைப் பத்து ரூபாய்க்குத் தள்ளினால் ரூ.2,360. வண்டிச் செலவு ரூ.100, விற்பவரின் ஒரு நாள் கூலி ரூ.400 கழித்தால் ரூ.1,860. ஆறு ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் ஒன்றரை ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. காய் 40 கிலோதான் என்றால், எல்லாம் விற்றாலும் கூலியைக் கழித்தபின் மண்டியே சற்று மேல்.

வீட்டுப் பெண்கள்தானே போகிறார்கள், கூலி எதற்கு என்று கேட்பதுண்டு. அதே நாளில் தம் வயலில் களையெடுக்க வெளியாள் வைத்தால், அந்தக் கூலி சந்தைக் கணக்கில்தான் சேரும். வயலில் வேலையில்லாத நாளில் அதைக் கழிக்க வேண்டியதில்லை. அப்போது 40 கிலோவுக்கும் சந்தையே லாபம்.

மஞ்சள், நிலக்கடலை போன்று இருப்பு வைக்கக்கூடிய விளைபொருளுக்குக் கணக்கு வேறு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெற்று, விலைக்குக் காத்திருக்கலாம். கத்தரி காத்திருக்காது.

மண்டியில் முன்பணம் வாங்கியவருக்கோ இந்தத் தேர்வே இல்லை. அவர் அங்கேதான் காயை இறக்க வேண்டும். எடையையும் விலையையும் தட்டிக் கேட்கவும் தயங்குவார். தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றால் இக்கட்டு நேராது. சிட்டா, அடங்கல் நகல்களுடன் நடவுக்கு முன்பே சங்கத்தை அணுக வேண்டும்.