திருவேங்கடத்தைப் பெயர்த்து வைப்போமா?

மெதுவா வாங்க, சத்தம் போடாம! டேட்டாபேஸின் பின்கட்டுக்குள் நுழையப் போகிறோம்.

விளையாட்டுக்கு நாமே இரண்டு டேபிள் போட்டுக்கொள்வோம். ஒன்றில் மாவட்டங்கள், இன்னொன்றில் வட்டங்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் மூன்றுக்கும் எதிரே தூத்துக்குடியின் எண். அந்த எண் மாவட்ட டேபிளில் இருந்தே தீரவேண்டும் என்று காவல் நிற்கிறதே, அதுதான் ஃபாரின் கீ. தூத்துக்குடியை டெலீட் செய்துதான் பாருங்களேன்! மைஎஸ்கியூஎல் 1451 என்று பிழை எண் காட்டி முறைக்கும். பிள்ளைகள் மூன்று பேர் இங்கே நிற்க, அம்மாவை எங்கே அனுப்புகிறாய் என்ற கோபம்.

பெயரை மாற்றினால் கண்டுகொள்ளாது. 1986-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தபோது சிதம்பரனார் மாவட்டம், 1997-ல் தூத்துக்குடி மாவட்டம். எண் அதேதான் என்றால் காவலுக்கு வேலையில்லை. கூத்து தொடங்குவது 2019 நவம்பரில். தென்காசி மாவட்டம் பிறக்கிறது, கரிசல்காட்டுத் திருவேங்கடம் வட்டம் அதோடு போகிறது. தென்காசியை மாவட்ட டேபிளில் ஏற்றுமுன் திருவேங்கடத்தை நகர்த்தினீர்களோ, 1452! வரிசை தப்பாமல் செய்தால் வம்பே இல்லைதான். ஆனால் நடுராத்திரியில் கிராமப் பட்டியல் மொத்தத்தையும் ஏற்றுகிறவருக்கு அந்தப் பொறுமை ஏது? அவிழ்த்துவிடு கட்டை!

முதலில் அந்த ஃபாரின் கீயின் பெயர் வேண்டும். ஷோ கிரியேட் டேபிள் என்று கேட்டால் சொல்லும். நாம் பெயர் வைக்காவிட்டால், டேபிள் பெயரோடு ‘ஐபிஎஃப்கே 1’ என்று அதுவே ஒட்டிக்கொண்டிருக்கும் (என்ன ரசனையோ!). ஆல்டர் டேபிள், டிராப் ஃபாரின் கீ, என்டர். அவ்வளவுதான்! தகவல் ஒன்றுகூடக் கலையவில்லை, இன்டெக்ஸும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு யோகம்: டிரான்சாக்‌ஷனுக்குள் கழற்றியிருந்தால் ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கிவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் தட்டியது தட்டியதுதான்.

நெஞ்சு படபடப்பது திரும்ப மாட்டும்போதுதான். காவலில்லாத நேரத்தில் எட்டயபுரத்துக்கு எதிரே, எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லாத 99 வந்து உட்கார்ந்திருந்தால்? மைஎஸ்கியூஎல் எல்லா வரிகளையும் சோதித்து, மாட்ட மறுக்கும். நல்லதுதான்! குறுக்குவழிக்காரர்கள் கீயைக் கழற்றாமலே, ‘ஃபாரின் கீ செக்ஸ்’ என்ற அமைப்பைப் பூஜ்யமாக்கி ஏற்றிவிட்டு, பிறகு 1 ஆக்குவார்கள். அப்போது பழைய வரிகளை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த 99 நிம்மதியாக உள்ளேயே குடியிருக்கும். அதனால் என் ஓட்டு, துணிந்து கழற்றுகிறவருக்கே.

மாட்டுமுன் ஒரு லெஃப்ட் ஜாயின் போடுங்கள். மாவட்டம் இல்லாத வட்டங்கள் வெறும் NULL-ஓடு வரிசையாக வந்து நிற்கும். 99-ஐத் திருத்திவிட்டு மறுபடி என்டர். இந்தமுறை முணுமுணுக்காமல் ஏறிக்கொள்ளும்.