குழம்பில் பேத்தை: கொலைச் சட்டம் எப்படி இயங்குகிறது?

2023 மே மாத நடுவில் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கத்திலும், அதற்குத் தெற்கே விழுப்புரம் மாவட்டத்து எக்கியார்குப்பத்திலும் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். இரண்டு மாவட்டமும் சேர்த்து இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். அது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளுக்குப் போகிற மெத்தனால் என்று காவல்துறைத் தலைமை அறிக்கை விட்டது. விசாரணை சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. எக்கியார்குப்பம் சாவுகள் தொடர்பான மரக்காணம் வழக்கு கொலை வழக்காக மாறியது.

"வித்தவன் கொல்லணும்னா நினைச்சான்? நாலு காசு பாக்கணும்னுதானே நினைச்சான்? இதுக்கு எப்படிங்க 302 போடுவாங்க?" என்று, கொலைக்கான பழைய சட்டப் பிரிவைச் சொல்லி, டீக்கடையில் யாராவது கேட்டால், அது விவரம் தெரியாதவர் கேள்வி அல்ல. சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க இதைத்தான் பாடமாக நடத்துகிறார்கள். பதில் சொல்ல ஒரு சமையலறைக்குள் போக வேண்டும்.

மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு மீன்சாப்பாட்டுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் கரைக்கு வந்த கலப்பு மீனில் ஒரு பேத்தையும் கிடக்கிறது. தொட்டால் பந்துபோல் உப்பும் மீன். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது, முறிமருந்தும் கிடையாது. தின்றவருக்கு முதலில் உதடு மரக்கும், பிறகு கைகால், கடைசியில் மூச்சு. அன்றைக்கு மதியம் சாப்பிட வந்தவர் ஒருவர் இறந்துபோகிறார். குழம்பும் சாவும் எல்லாக் கதையிலும் ஒன்றுதான். சமையல் மாஸ்டரின் மண்டைக்குள் இருந்ததை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்போம்.

முதல் மாஸ்டர் வழக்கமாக வாங்கும் இடத்தில் வாங்கி, ஒவ்வொரு மீனாகப் பார்த்துத்தான் ஆய்ந்தார். தோலுரித்து, தலை வெட்டி, வேறு மீனின் பெயரில் யாரோ கலந்திருந்த ஒரு துண்டு மட்டும் அவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. இது விபத்து. சட்டப்படியான வேலையை உரிய கவனத்தோடு செய்யும்போது நேர்ந்த கேடு குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போதிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 18ஆவது பிரிவு சொல்கிறது. மாஸ்டர் வீட்டுக்குப் போகலாம், தூக்கம் வராது என்றாலும்.

அடுத்த மாஸ்டர் பார்க்கவே இல்லை. கூடையை அப்படியே சட்டியில் கவிழ்த்தார். கொஞ்சம் நிதானமுள்ள எந்தச் சமையல்காரரும் பார்த்திருப்பார். இது கவனக்குறைவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, இப்போது 106. முன்பு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. புதிய சட்டம் அதை 5 ஆக்கியிருக்கிறது. 1860இல் வந்த மூலச் சட்டத்தில் இந்தப் பிரிவே இல்லை, 1870இல்தான் சேர்த்தார்கள்.

மூன்றாமவர் கதைதான் சிக்கலானது. மீன் ஆய்கிற அம்மா சொல்கிறார்: "யப்பா, இது பேத்தைப்பா, தூக்கிப் போட்டுடு." மாஸ்டருக்கும் அந்த மீனைத் தெரியும். "குடலை எடுத்துட்டு நல்லாக் கழுவுனா ஒண்ணும் ஆவாதும்மா" என்கிறார். ஆபத்து இருப்பது தெரியும், நம் கையில் நடக்காது என்று நம்புகிறார். இது அசட்டுத் துணிச்சல். சட்டம் இதையும் கவனக்குறைவையும் ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது, தண்டனையும் ஒன்றுதான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பார்க்காதவரும், பார்த்தும் துணிந்தவரும் ஒரே தட்டில் சாப்பிடக் கூடாது.

அந்த அம்மா இன்னொரு வாக்கியம் சொல்லியிருந்தால் கதை மாறுகிறது: "போன வருசம் இதைத் தின்னுதான்பா எங்க தெருவுல ஒருத்தரு செத்தாரு." அதைக் கேட்ட பிறகும் மாஸ்டர் ஈரலோடு போட்டுக் கொதிக்கவைத்தால், சாவு நேரக்கூடும் என்று அவருக்குத் தெரியும். யாரையும் கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் இப்போது இந்த நான்காமவர் 106ஐத் தாண்டி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குள் வந்துவிட்டார். பழைய 304இன் இரண்டாம் பகுதி, புதிய 105. பத்தாண்டு வரை சிறை.

எதிர்க்கடைக்காரரைத் தீர்த்துக்கட்ட அவர் இலைக்கென்றே ஈரலைப் பொறுக்கி வைத்தவர் ஐந்தாமவர். அவருக்குப் பழைய 302, புதிய 103: மரண தண்டனை அல்லது ஆயுள். இதில் யாருக்கும் குழப்பம் இராது.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் ஆறாம் மாஸ்டரிடம் இருக்கிறது. அவருக்கு யார் மேலும் பகை இல்லை. முதல் பந்தியில் ஒருவர், "அண்ணே, உதடெல்லாம் மரத்துப்போவுதுண்ணே" என்று சொல்லிவிட்டு வாந்தி எடுக்கிறார். இன்னொருவர் எழுந்திருக்க முடியாமல் சாய்கிறார். மாஸ்டர் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மிச்சக் குழம்பு வீணாகிறதே என்று இரண்டாம் பந்திக்கும் ஊற்றுகிறார். கொல்லும் நோக்கம் இல்லாமலே ஒருவர் கொலைகாரர் ஆவதற்குச் சட்டம் விட்டிருக்கும் வழி இது: ஏறக்குறைய நிச்சயமாகச் சாவில் முடியும் என்று தெரிந்தே, எந்த நியாயமும் இல்லாமல் அந்த ஆபத்தை உண்டாக்குவது. பழைய 300ஆம் பிரிவின் நான்காவது கூறு, இன்றைய 101இலும் அப்படியே தொடர்கிறது. இதற்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம் தரும் எடுத்துக்காட்டு, காரணமே இல்லாமல் கூட்டத்துக்குள் பீரங்கியைச் சுடுபவன். அந்தக் கூட்டத்தில் குறிப்பிட்ட யாரையும் கொல்லும் திட்டம் அவனுக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அது கொலைதான்.

நான்காமவரையும் ஆறாமவரையும் பிரிப்பது சாவு "நேரக்கூடும்" என்பதற்கும் "ஏறக்குறைய நிச்சயம் நேரும்" என்பதற்கும் நடுவிலுள்ள தூரம். வக்கீல்கள் நாள்கணக்கில் வாதாடுவது அந்த இடைவெளியில்தான். குடித்துவிட்டு வண்டியோட்டி ஆளை ஏற்றிய வழக்குகளிலும் இதே தராசுதான். டெல்லியில் 1999இல் ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ. கார் வழக்கிலும், மும்பை பாந்த்ராவில் 2006இல் நடைபாதையில் தூங்கியவர்கள் ஏழு பேர் இறந்த வழக்கிலும், இது வெறும் கவனக்குறைவு அல்ல, 304 இரண்டாம் பகுதி என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை இரவு பறப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்புகள்.

மண்டைக்குள் இருந்ததை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும்? சமையலறையைத்தான் பார்க்கும். மீன் ஆய்ந்த அம்மாவின் சாட்சியம், ஈரல் குப்பைக்குப் போனதா சட்டிக்குப் போனதா என்பது, முதல் ஆள் விழுந்தபின் அடுப்பு அணைந்ததா என்பது. மாஸ்டர் அதே குழம்பைத் தன் பிள்ளைக்கும் போட்டிருந்தால், அதைவிடப் பலமான எதிர்வாதம் அவருக்கு வேண்டியதில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1912இல் நிஜமாகவே ஒரு தின்பண்டம் வந்தது. ஒருவர் பெயரில் காப்பீடு எடுத்து வைத்திருந்தவன் அவருக்கு நஞ்சு கலந்த அல்வாவைக் கொடுத்தான். அவர் கொஞ்சம் தின்று மீதியை எறிந்தார், பிழைத்துக்கொண்டார். எறிந்ததை எடுத்துத் தின்ற ஒரு சிறுமி இறந்தாள். அவளைக் கொல்ல அவன் நினைக்கவில்லை. நீதிபதி பென்சன் இது கொலை என்றார், சுந்தர ஐயர் இல்லை என்றார். மூன்றாவதாக அப்துர் ரஹீம் கொலை என்று சொல்ல, அதுவே தீர்ப்பானது. அல்வாவில் கலந்த நோக்கம் யார் வாய்க்குப் போனாலும் கூடவே போகும் என்பது இன்றைய 102ஆம் பிரிவு.

இனி மெத்தனாலுக்கு வருவோம். அது பேத்தையைவிட மோசம், ஆய்கிற அம்மாவுக்குக்கூட அடையாளம் தெரியாது. பார்வைக்கும் வாசனைக்கும் குடிக்கிற சாராயம் போலவே இருக்கும். உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகே கண்ணையும் உயிரையும் பறிக்கும். அதற்கே பல மணி நேரம் ஆகலாம். ஆலைப் பீப்பாயிலிருந்து எடுத்து விற்பவர், வாங்கிக் கைமாற்றுபவர், தெருமுனையில் பாக்கெட் விற்பவர் என்று ஒரு சங்கிலியில் ஆளுக்கு ஆள் தெரிந்தது வேறு. கடைசிக் கை, "எனக்கு இது சரக்குன்னுதான் சொன்னாங்க" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். பீப்பாய் மேல் ஒட்டியிருப்பதைப் படித்தவர் அப்படிச் சொல்ல முடியாது. சாவுக்கு மிக அருகில் நின்றவருக்கு மிகக் குறைவாகவும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவருக்கு மிக அதிகமாகவும் தெரிந்திருக்கலாம். சட்டம் அளக்க வேண்டியது அந்தத் தெரிதலை, தூரத்தை அல்ல. ஊர் கோபம் முதலில் பாயும் இடம் பெரும்பாலும் பாக்கெட் விற்றவர் வீடு.

இத்தனை நுணுக்கமும் வேண்டாம் என்று சில சட்டங்கள் முடிவெடுத்துவிடுகின்றன. கேடான உணவால் உயிர் போனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, விற்றவரின் நோக்கத்தைக் கேட்காமலே 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை வைக்கிறது. உரிய கவனம் எடுத்தேன் என்று அவர்தான் காட்டித் தப்ப வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், அந்த மாதக் கடைசியிலேயே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது: கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் கடுங்காவல், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2023ஆம் ஆண்டு வழக்குகளுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. குற்றத்துக்குப் பிறகு கூட்டிய தண்டனையைப் பின்னோக்கிப் போட அரசியல் சாசனத்தின் 20ஆவது பிரிவு விடாது. ஆகவே அவற்றில் கொலைக் குற்றச்சாட்டு நிற்க வேண்டுமானால், யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு ஆள் ஆளாக நிரூபித்தாக வேண்டும்.